மாசாணத்தின் அறையில் ஓர் இருக்கை

ஊனமுற்ற படைவீரர்களுக்காகத் தொண்டாமுத்தூர்ச் சாலையில் ஒரு மறுவாழ்வு இல்லம் கட்டினார்கள். அதன் அறைகளை அமைத்துக் காட்டும் பணி, 1997ஆம் ஆண்டில், கோவைக் கல்லூரியில் உள் அலங்காரக் கலை பயின்ற லோகப்பிரியாவுக்கு இறுதியாண்டுத் திட்டமாகக் கிடைத்தது. மாதிரியாக அவள் முடித்த முதல் அறையில் மாசாணம் குடியேறினார். கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்தவர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்.

சக்கர நாற்காலி தடையின்றித் திரும்பவேண்டும் என்று மற்ற நாற்காலிகள் அனைத்தையும் அவள் அகற்றியிருந்தாள். பேராசிரியர் கோபாலசாமி பாராட்டினார்.

"ஏனுங்கண்ணா, ரூம் சௌரியமா இருக்குதுங்களா?" என்று மாசாணத்திடம் கேட்டாள் லோகப்பிரியா.

"நல்லா இருக்குதுங்க அம்மணி."

"ஏதாச்சும் மாத்தோணுமுங்களா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. நல்லாப் பண்ணிப்போட்டீங்க."

அவள் நம்பினாள். முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதையன்று என்று பிள்ளைகளை வளர்க்கும் ஊர் அது. அவளும் அப்படியே வளர்ந்தவள்; நம்பியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை அவள் அறையைப் படம் எடுக்க வந்தபோது அறை காலியாக இருந்தது. மாசாணம் வெளியே தூறலில், வேப்பமரத்தடியில் இருந்தார். அவர் மனைவி ராசாத்தாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மழையில ஏனுங்க இருக்கறீங்க?"

"காத்து நல்லா வருதுங்க," என்றார் மாசாணம்.

"காத்தாவது!" என்றாள் ராசாத்தாள். "பார்க்க வர்றவங்கள உள்ள கூப்புட்டா எங்கீங்க உக்கார வெக்கறது? அதான் மரத்தடியிலயே இருந்துக்கறாரு. வந்தவங்கள நிக்க வெச்சா பேசறது? ஞாயித்துக்கெழம எங்க புள்ளையப் பேச மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வாராங்க. பொண்ணப் பெத்தவரப் பார்க்கோணுமாமா. மரத்தடியில வெச்சா பார்க்கறது?"

"சும்மா இரு புள்ள."

"நான் சும்மா இருந்தா உங்க பொண்ணும் சும்மாவே இருப்பாளுங்க."



சுவரோடு மடங்கும் நீண்ட இருக்கைப் பலகை ஒன்றை லோகப்பிரியா அன்றே வரைந்து, பேராசிரியரிடம் காட்டினாள்.

"திங்கக்கெழம மதிப்பீடும்மா. சுவரோட அழகே போயிரும். ஞாயித்துக்கெழம நாலு சேர் வாடகைக்கு எடுத்துப் போட்டுட்டு அப்புறம் தூக்கிரு."

"அவரு அதுக்கப்புறமும் அங்கதானுங்க சார் இருக்கப்போறாரு."

"மார்க் குறையும்."

குறையட்டும் என்று முடிவு செய்தாள். ஒருவர் ஆயுள் முழுவதும் வாழவேண்டிய அறையை நிழற்படத்துக்காக வெறுமையாக வைத்திருக்கச் சொல்வது எந்தக் கல்வியில் சேர்த்தி? சனிக்கிழமை தச்சர் ஜபருல்லா பலகையைப் பொருத்தினார்.

ஞாயிறன்று மாசாணம் வெள்ளைச் சட்டையணிந்து தம் அறை வாசலில் காத்திருந்தார். "வாங்க, வாங்க. உள்ள வாங்க. உக்காருங்க."

மாப்பிள்ளையின் தகப்பனார் பலகையைத் தட்டிப் பார்த்தார். "தாங்குமுங்களா?"

"சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பார்க்கறாப்பல பார்க்கறீங்களே! உக்காருங்க," என்றார் மாசாணம்.

அறை சிரித்தது. வந்தவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "உக்காந்துட்டனுங்க சம்பந்தி."

மாசாணம் சக்கர நாற்காலியை அவருக்கு எதிரே நகர்த்திக்கொண்டார். பிறகு, "தண்ணி கொண்டா புள்ள," என்று மனைவியை அழைத்தார்.

திங்கட்கிழமை மதிப்பெண் குறைந்தது. மறுநாள் லோகப்பிரியா வந்தபோது மாசாணம் அறைக்குள்தான் இருந்தார்.

"இப்ப எப்படிங்கண்ணா இருக்குது?"

அவர் தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க அம்மணி. இந்தப் பச்சப் பெயிண்ட் எனக்குப் புடிக்கலீங்க. பட்டாளத்துல பார்த்ததே போதுமுங்க."

அவள் பலகையில் உட்கார்ந்தாள்.

"அப்புறமுங்க?"