சொல்லாமல் உள்ளே போனவர்

ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டர் வாசலைத் தாண்டும்போது மோகனூர் லாரி டிரைவர் சென்றாயன் மனைவியைப் பார்த்து, "போறேன் புள்ள" என்று சொல்லித் தொலைத்தார். கதவு மூடிக்கொண்டது. கடைக்குப் பால் வாங்கப் போகிறவன்கூட 'வாரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். நெஞ்சைத் திறக்கக் கொடுக்கிற மனிதருக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கு பிசகிவிட்டது.

வெளியே அவர் மனைவி பொன்னாயி, பின்னாலேயே உள்ளே போகவிருந்த கலைமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனில் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரம் முழுக்க, உடம்பில் ரத்தத்தை ஓட்டும் இயந்திரம் கலைமணியின் பொறுப்பு.

"அவரு சொல்லாமப் போயிட்டாருங்க. நீங்களாச்சும் சொல்லிட்டுப் போங்க சாமி."

"கூட்டிட்டு வாரேனுங்க" என்றாள் கலைமணி. அவளும் அந்தப் பக்கத்து நாமகிரிப்பேட்டைக்காரி. சொன்னால் சொன்னதுதான்.

எல்லையில் சண்டை மூண்டு அன்று நான்காம் நாள். சேலத்தில் குண்டு விழவில்லை, ஒத்திகைதான் வந்தது. நாலு மணிக்குச் சைரன் ஊதினால் விளக்கை எல்லாம் அணைக்க வேண்டுமாம், பட்டப்பகலில்! தியேட்டருக்கு விலக்கு என்று ஆஸ்பத்திரிச் சுற்றறிக்கையில் இருந்தது. ஜெனரேட்டர் பார்க்கும் ரங்கனிடம் அதை யாரும் சொல்லவில்லை. சைரன் கேட்டதும் அவர் மெயினை இறக்கினார், தானாக ஓடத் தொடங்கிய ஜெனரேட்டரையும் நிறுத்தினார், அறையைப் பூட்டிச் சாவியோடு ஒத்திகை நடக்கும் மைதானத்துக்கு ஓடினார். நாட்டுப்பற்றில் ஒரு குறையும் இல்லை.

தியேட்டர் இருண்டது. இயந்திரத்தின் பழைய பேட்டரி இரண்டே நிமிடத்தில் படுத்துக்கொண்டது. கலைமணி, கையால் சுற்றுவதற்கென்று இயந்திரத்தோடு இருந்த கைப்பிடியைச் செருகிச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எவ்வளவு நேரம் முடியும்மா?" நர்ஸ் மஞ்சுளா பிடித்த செல்போன் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டே கேட்டார் டாக்டர் ஜீவானந்தம்.

"நீங்க தைங்க சார். நான் நிறுத்த மாட்டேன்."

வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஐந்தாம் நிமிடம் தோள் எரிந்தது. சுற்றுகளை எண்ணிப் பார்த்தாள், எண்ணிக்கை குழம்பியது. எண்களை விட்டுவிட்டுச் சுற்றுக்கு ஒரு 'வாரேன்' சொன்னாள். வாரேன், வாரேன், வாரேன். வேகம் சீராயிற்று. பதினாறாம் நிமிடம் யாரோ ரங்கனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர, விளக்கு எரிந்தது.

மறுநாள் சென்றாயனின் தொண்டைக் குழாயை எடுத்தபின் பொன்னாயியை உள்ளே விட்டார்கள்.

"வந்துட்டேன் புள்ள" என்றார் அவர், கரகரத்த குரலில்.

"அதான் தெரியுதே. நேத்து சொல்லாம உட்டதை இப்பச் சொல்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், நெஞ்சு வலித்தது. "வாரேன்" என்றார்.

அதற்கப்புறம்தான் பொன்னாயி அழுதாள். பக்கத்தில் நின்ற கலைமணிக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைக்கத்தான் கை மேலே எழும்பவில்லை.