வியாழக்கிழமைப் புகை

ஹசன் அலிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் தீராப் பகை. வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிர்த்தாப்புல கீழே அவருடைய அத்தர், சாம்பிராணிக் கடை, மாடியில் வீடு. எந்த டிரைவராவது இன்ஜினை அணைக்காமல் ஆள் ஏத்திக்கிட்டு நின்றால் போதும், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சண்டைக்குக் கிளம்பிடுவார். மனுசன் பாவம், சும்மா ஒண்ணும் சண்டை பிடிக்கலை. ரெண்டாம் வகுப்புப் படிக்கிற ஒத்தை மகள் தஸ்மியாவுக்கு மூச்சு இழுப்பு.

டாக்டரம்மா, வீட்டுக்குள்ள ஏதும் புகை உண்டான்னு கேட்டாங்க. பீடி கிடையாது, கொசுவர்த்தி கிடையாது, சமையல் கேஸ் அடுப்புலன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பொய் சொல்லணும்னு சொல்லலை. வியாழக்கிழமை அந்தியில மஃரிபு தொழுகை நேரத்துக்கு வீடு முழுக்கச் சாம்பிராணி போடுறதை அவர் புகைக் கணக்குல சேர்த்ததே இல்லை. அது வீட்டுக்கு பரக்கத்து, அருள் இல்லையா! வெள்ளிக்கிழமையானா ஏன் ஆஸ்பத்திரியிலயே கிடக்கோம்னும் யோசிச்சதில்லை.

பரீட்சை லீவுக்கு அவர் மனைவி ஷரீபா மகளைப் பத்தமடைக்குக் கூட்டிப் போனாள். தாய்வீட்டிலிருந்து போன் வந்தது. பிள்ளை ஓடியாடித் திரியுதாம், மருந்தே தேவைப்படலையாம், இங்கனேயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடப் போறாளாம். மகள் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை வந்து வீட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணுன்னு கெஞ்சினார். ரோட்டுப் பக்கத்து சன்னலுக்கெல்லாம் கண்ணாடி போட்டு, இடுக்கு விடாமல் அடைச்சார்.

அவங்க வந்து இறங்கினது வியாழக்கிழமை சாயந்திரம். பிள்ளை வந்த சந்தோசத்துல, கடையிலேயே உசத்தியான சாம்பிராணியைத் தணல்ல அள்ளிப் போட்டார். வீடு மணத்தது. கொஞ்ச நேரத்துல தஸ்மியா குனிஞ்சு உட்கார்ந்துட்டாள். நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்குது, உதடு கறுக்குது. ஹசன் அலி பஸ்காரனை ஏசிக்கிட்டே சன்னலை இன்னும் இறுக்க ஓடினார்.

மகள் வாயில் மருந்தை அடிச்சுக்கிட்டே ஷரீபா கேட்டாள். "சன்னல் பூரா அடைச்சுத்தான கெடக்கு. பிறகு பஸ்ஸுப் புகை எங்கன இருந்துங்க வருது?"

அவர் புகைஞ்சுக்கிட்டிருந்த சாம்பிராணிச் சட்டியைப் பார்த்தார். அல்லாவே! சன்னலையெல்லாம் படீர் படீர்னு திறந்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளை பிழைச்சது. ரோட்டுப் புகையும் லேசுப்பட்டதில்லை, அதுல ஏற்கெனவே நொந்துபோன நெஞ்சுக்கு வீட்டுப் புகையும் சேர்ந்தா தாங்குமான்னு டாக்டரம்மா பதமாத்தான் சொன்னாங்க. அவர் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு விம்மி விம்மி அழுதார்.

வீட்டுல சாம்பிராணியை அன்னைக்கே நிப்பாட்டினார். கீழே கடையும் எதிர்த்தாப்புல ரோடும் எங்க போகும்? பிள்ளை பத்தமடையிலேயே படிக்கட்டும்னு அவரே வாய்விட்டுச் சொல்லிட்டார்.

முதல் ஞாயித்துக்கிழமை, கடையைச் சாத்தின கையோட மாமியார் வீட்டுக்குப் போனார். வாசல்ல விளையாடின தஸ்மியா பாய்ஞ்சு வந்தாள். பக்கத்துல வந்ததும் சட்டுனு நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டாள்.

"வாப்பா, சட்டையில அந்த வாசம் வருது."

மாமியார் முன்னால தொப்பி இல்லாமல்கூட நிக்காத மனுசன். அந்தத் தெருவுல நின்னமேனிக்கே சட்டையைக் கழத்திச் சுவத்துமேல போட்டார். வாசல் குழாயில் கையையும் கழுத்தையும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினார். பிறகுதான் மகளைத் தூக்கினார். மாமியார் கதவோரம் வந்து நின்னதும், தெரு வேடிக்கை பார்த்ததும் அவருக்கு உறைக்கவே இல்லை.