போர்வையின் நான்காம் ஓரம்

மூன்றாவது மாடியின் கடைசி வீட்டில், ஒரு கை மட்டும் பின்னப்பட்டிருந்த கம்பளிச் சட்டை ஒன்று, குளிர்காலத்தின் முதல் காலையில் அலமாரியிலிருந்து தானே இறங்கி, கூடத்தைக் கடந்து, பால்கனிக்குச் சென்று வெயில் காய்ந்தது. அன்று தக்காளி விலை சற்று இறங்கியிருந்தது. சின்ன மகள் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்து, "அம்மா, உன் ஸ்வெட்டர் எழுந்திரிச்சிடுச்சு" என்றாள். சமையலறையிலிருந்த அம்மா, "கதவைச் சாத்திட்டு வா, குளிருது" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச நேரமில்லை. பள்ளி வண்டி வந்துவிட்டது.

அம்மா அட்டைப்பெட்டிப் பட்டறை ஒன்றில் காலை வேளைகளில் வேலை பார்த்தாள். அங்கே அவள் கையில் எந்தப் பெட்டியும் பாதியில் நின்றதில்லை. வீட்டில் அவள் தொடங்கிய எதுவும் முடிந்ததில்லை. ஒரு பருவம் வருவதற்கு வெகு முன்பே அதன் வாடை அவளுக்கு எட்டிவிடும். வெயில் தகிக்கும்போதே பட்டறையின் கழிவுக் காகிதங்களில் மெழுகு தடவி மழைக்கான மீன்களை வெட்டத் தொடங்குவாள். முதல் தூறல் விழுந்ததும் வாலை ஒட்டாமலே மீன்களை ஒதுக்கிவிட்டுக் கம்பளி நூலைத் தேடுவாள். "வந்துடுச்சுல்ல, இனிமே அது பாட்டுக்குப் பெய்யும்" என்பாள். வந்து சேர்ந்த பருவத்தைவிட வரப்போகும் பருவமே அவளை ஆட்டிவைத்தது. சாப்பாட்டின் நடுவே எழுந்து சென்று ஒரு துணியின் நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வருவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று உறவினர்கள் சொன்னார்கள். சக்கரம் கையில்தான் இருந்தது என்பது வீட்டாருக்குத் தெரியும்.

கம்பளிச் சட்டைக்குப் பிறகு மற்றவையும் தத்தம் பருவத்தில் விழித்துக்கொண்டன. மழைக்காலத்தில் வாலில்லாத மீன்கள் துணி அலசும் வாளியில் நீந்தின. மகள்கள் வாளியைப் பால்கனியில் வைத்து, தூறலில் அவை வாய் திறப்பதை நனைந்தபடி பார்த்தார்கள். இலையுதிர் காலத்தில், உலர்ந்த இலைகள் பாதி மட்டுமே ஒட்டப்பட்ட விளக்குக்கூடு காற்றடிக்கும் பக்கமெல்லாம் உருண்டது. கோடையில் கைப்பிடி வைக்காத துணிக்குடை ஒன்று, மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போகிறவர்களின் தலைக்கு மேல் நிழலாகக் கூடவே சென்றது. கீழ்வீட்டுத் தையல்கார அக்கா படியில் நின்று குரல் கொடுப்பாள்: "உன் குடை மறுபடியும் என் வாசல்ல நிக்குது. வந்து கூட்டிட்டுப் போறியா, இல்ல நானே வச்சுக்கட்டுமா?" அம்மா மேலிருந்து, "வச்சுக்கோங்கக்கா, ஆனா கைப்பிடி மட்டும் போட்டுடாதீங்க" என்பாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

அது அப்பாவின் வழியாகத் தெரியவந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன கூண்டுகளின் மேல் உட்கார்ந்து, உள்ளே சிக்கியவர்களிடம் பதற வேண்டாம் என்று சொல்வதிலேயே அவர் இளமை கழிந்தது. பாதியில் நிற்கும் எதற்குள்ளும் யாரோ ஒருவர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அவருடைய தீர்மானம். ஒற்றைக் கையோடு வெயிலில் கிடக்கும் சட்டையைக் காணும்போதெல்லாம் அதற்குள்ளும் யாரோ சிக்கியிருப்பதாகவே அவருக்குப் பட்டது. ஆகவே அவர் யாருக்கும் தெரியாமல் தையல்கார அக்காவிடம் பின்னல் கற்றுக்கொண்டு, கிரீஸ் கறை படிந்த விரல்களால் இரண்டாவது கையைப் பின்னி முடித்தார். குறை சொல்ல முடியாத வேலை. அடுத்த குளிர்காலத்தின் முதல் காலையில் நால்வரும் பால்கனியில் காத்திருந்தார்கள். சட்டை வரவில்லை. அலமாரியில், மடித்து வைத்த இடத்தில், மடித்து வைத்தபடியே கிடந்தது. அம்மா அதை எடுத்து, கைகளை நீவிப் பார்த்து, "நல்லா பின்னியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு நெடுநேரம் பாத்திரம் தேய்த்தாள். அந்தக் கோடையில் அப்பா மொட்டைமாடிக்குப் போனபோது குடை அவருடன் போகவில்லை. "நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று அவர் குடையிடமே சொன்னதைச் சின்னவள் கேட்டிருக்கிறாள்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது போர்வை. மூத்த மகள் வயிற்றிலிருந்தபோது தொடங்கியது. கைக்குழந்தையின் அளவே அப்போது அதன் அளவு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு துண்டு சேர்க்கப்பட்டு, குழந்தை வளர வளர அதுவும் வளர்ந்தது. மேல்துணியும் உள்துணியும் மூன்று ஓரங்களில் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. நான்காவது ஓரம் எப்போதும் அடுத்த துண்டுக்காகத் திறந்திருந்தது. அம்மா கைவிடாத ஒரே வேலையும் முடிக்காத வேலைகளில் மூத்ததும் அதுதான். எல்லாப் பருவங்களும் அதில் இருந்ததால் அது எல்லாப் பருவங்களிலும் விழித்திருந்தது. மூத்தவள் பள்ளிக்குப் போன முதல் நாள் வகுப்பு வாசல்வரை அவள் பின்னாலேயே சென்று, அவள் செருப்பின் மேல் ஒரு மூலையை வைத்துக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வெளியே அனுப்பப்பட்டு வீடு திரும்பியது. அதில் அவளுக்கு அன்று பெருமை. பத்தாம் வகுப்புக்குள் அது அவமானமாகிவிட்டது.

மூத்தவளுக்குத் தொலைவில், பனி பெய்யும் நகரம் ஒன்றில், கண்ணாடித் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. விடுதியில் இடம் உறுதியான மாலை அவள் போர்வையைத் தூக்கி வந்து அம்மாவின் மடியில் போட்டாள்.

"இதை முடிச்சுக் குடும்மா. எடுத்துட்டுப் போறேன்."

"முடிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அங்க இது ராத்திரி எழுந்து ஜன்னல் பக்கம் போச்சுன்னா கூட இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப வேற போர்வை வாங்கிக்கோடி. கடையில இல்லாத போர்வையா?"

மகள் கோபமில்லாத குரலில், "எனக்குன்னு நீ ஒண்ணாவது முடிச்சுக் குடுத்திருக்கியாம்மா? மழை வந்தா குளிரைப் பாப்பே, குளிர் வந்தா வெயிலைப் பாப்பே. நான் நிக்கறது என்னைக்காவது உன் கண்ணுல பட்டிருக்கா?" என்றாள்.

அம்மா ஊசியில் நூல் கோத்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அம்மா ஒரு விரற்கடை தைப்பாள், எழுந்து அடுப்பைப் பார்ப்பாள், வந்து தைத்ததைப் பிரிப்பாள், மறுபடியும் தைப்பாள். கூடத்தில் தைத்தது பிடிக்காமல் படுக்கையறைக்குப் போவாள். அங்கே வெளிச்சம் போதாமல் பால்கனிக்கு வருவாள். போர்வை அவள் பின்னாலேயே போய்வந்தது, தன்னைத் தைப்பதற்குத் தானே வந்து படுத்தது. ஓரம் மூட மூட அதன் நடை தளர்ந்தது. முதலில் படியிறங்குவதை விட்டது. பிறகு அறை மாறுவதை விட்டது. கடைசியில் கிடந்த இடத்திலேயே மூச்சுவிடுவதுபோல் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம் வரவே அஞ்சினார். "நான் எதையும் தொடல" என்று யாரும் கேட்காமலே சொன்னார். மீன்கள் வாளியின் அடியில் தங்கிவிட்டன. பட்டறையில் அம்மா முதன்முறையாக ஒரு பெட்டியை மூடியில்லாமல் அனுப்பிவிட்டாள்.

புறப்படும் காலையிலும் ஒரு சாண் மீதமிருந்தது. அம்மா முகம் கழுவாமல் தைத்துக்கொண்டிருந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சின்னவள் அறிவித்தாள். அப்பா மனைவியின் விரல்களைப் பார்த்தார், மீதமிருந்த ஓரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் லிஃப்ட்ல போங்க. பெட்டியை நானும் சின்னவளும் படியில இறக்கிடறோம்" என்றார். அம்மா போர்வையையும் ஊசியையும் அள்ளிக்கொண்டு மூத்தவளோடு லிஃப்டில் ஏறினாள். அப்பாவின் பராமரிப்பில் ஒருநாளும் நின்றிராத அந்த லிஃப்ட், இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே நின்றது.

மேலிருந்து அப்பாவின் வேலைக்குரல் கேட்டது. "உள்ள இருக்கறவங்க யாரும் பதற வேண்டாம். கதவைத் தொடாதீங்க. காத்து வரும்."

"யாரும்னா நாங்க ரெண்டு பேருதாங்க" என்றாள் அம்மா.

"சரி செய்யக் கொஞ்சம் நேரமாகும்."

"பாக்காமலே எப்படிப்பா சொல்றீங்க?" என்று மகள் கத்தினாள். அம்மாவுக்குப் புரிந்தது. பாதியில் நிற்கும் எதையும் பொறுக்காத மனிதர், அவள் ஒன்றை முடிப்பதற்காகக் கூண்டைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார். அவள் லிஃப்டின் தரையில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.

இனி ஒரு விரலளவே திறப்பு என்றபோது போர்வையின் ஒரு மூலை நகர்ந்தது. மிகவும் மெதுவாக, நடுவில் ஓய்வெடுத்து, தரையில் ஊர்ந்துசென்று மூத்தவளின் செருப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. மகள் குனிந்து பார்த்தாள். காலை நகர்த்தவில்லை.

"போதும்மா."

"இரு, முடிச்சுடறேன். நீதானே கேட்டே."

"கேட்டேன். இப்ப வேணாங்கறேன்."

"அப்புறம் ஒண்ணுகூட முடிச்சுக் குடுக்கலன்னு சொல்லிக்காட்டுவ."

"கண்டிப்பா சொல்லிக்காட்டுவேன். லீவுக்கு வர்றப்பல்லாம் சொல்லுவேன். ஊசியை இப்படிக் குடு."

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகளின் காதோரத்தில் ஒரு மச்சம் இருந்தது. அதைப் பார்த்து எத்தனை வருடங்கள் ஆயின என்று அவளுக்கு நினைவில்லை. வெளியே மேகம் கறுத்து மழையின் வாடை வந்ததை அவள் கவனிக்கவில்லை. மகள் பல்லால் நூலைக் கடித்து, தையலை ஒவ்வொன்றாக உருவினாள். ஓரம் முழுவதும் திறந்துகொண்டது. போர்வை எழுந்து, தன்னை உதறிக்கொண்டு, கதவருகே போய் நின்றது. மகள் ஊசியைத் தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு மேலே பார்த்து, "அப்பா, லிஃப்ட் சரியாயிடுச்சு" என்றாள்.

லிஃப்ட் இறங்கியது. பின்னாலேயே படியிறங்கி வந்த அப்பா, முதலில் வெளியே வந்த போர்வையைப் பார்த்தார், அதன் திறந்த ஓரத்தைப் பார்த்தார். "ஆட்டோ காத்துக்கிட்டு இருக்கு" என்றார். ரயில் கிடைத்தது.

அதற்குப் பிந்தைய வருடங்களில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு துண்டுத் துணி தபாலில் போயிற்று. மகள் அவற்றைக் கோணல்மாணலாகத் தைத்துச் சேர்த்தாள். நான்காம் ஓரத்தை மட்டும் தொடவில்லை. விடுதிக் காப்பாளர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பனியில் வெளியே போய்வரும் நாட்களில் போர்வை மிதியடியில் துடைத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். அது துடைத்துக்கொண்டுதான் வந்தது. அம்மா இன்னும் சாப்பாட்டின் நடுவே எழுந்துபோகிறாள். ஆனால் தபாலில் அனுப்பும் துணியை, அந்தப் பருவம் வந்து வாசலில் நின்ற பிறகே வெட்டுகிறாள்.

ரயிலேற்றிவிட்டு வந்த மாலையே அப்பா கம்பளிச் சட்டையை எடுத்து, தான் பின்னிய கையைத் தோள்வரை பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி மனைவியின் நூல்பெட்டியில் வைத்திருந்தார். அடுத்து வந்த குளிர்காலத்தின் முதல் காலையில் அவர் பால்கனியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது சட்டை கூடத்தைக் கடந்து வந்து அவர் முன் நின்றது. அவர் நாளிதழை மடித்து, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு, வெயிலில் அதற்கு இடம் விட்டார்.