நாப்பது சைபர்

எல்லாரும் சொகமா இருக்கியளா? இந்த ஈரக்காத்துக்கு நெஞ்சுல சளி ஒண்ணும் கட்டலியே? கட்டியிருந்தா ஒரு தம்ளர் வெந்நியை வச்சிக்கிட்டு உக்காருங்க, சொல்லுதேன்.

தாராவியில அறுபத்தேழாம் வருச மழைக்காலத்துல செத்துப்போன சந்தியாகுவுக்கு, அவன் பொண்டாட்டி சேசம்மா கல்யாணச் சட்டையை மாட்டி, கழுத்துப் பித்தானைப் போட்டுக்கிட்டு இருந்தா. போட முடியல. வருசக்கணக்கா மூச்சுக்கு முக்கி முக்கி அவன் கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி தடிச்சிக் கெடந்துச்சு. அந்நேரந்தான் வாசல்ல ஒரு அம்மா வந்து நின்னா. குடையை மடக்கிட்டு, சேலையை ஒரு சாண் தூக்கிப் புடிச்சிருந்தா. பக்கத்து மாட்டுங்கா ஏரியாக்காரி, விசாலாக்ஷின்னு பேரு. ஆஸ்பத்திரியில பெரிய டாக்டருக்கு எழுத்துவேலை பாக்கிறவ.

"கார்டு எங்கே?"ன்னா. அதான் அவ வாயில வந்த மொதப் பேச்சு.

பொணத்துத் தலைமாட்டுல சந்தியாகுவோட அக்கா அன்னமேரி உக்காந்திருந்தா. பக்கத்து ரூம்தான் அவளுக்கு. நடுவுல ஒரு தகரத்தட்டி. கொழாயடித் தகராறுல நாத்தனாளுக்கும் சேசம்மாவுக்கும் ரெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. காலையில இருந்து வந்தவுக போனவுக கிட்டயெல்லாம், எந்தம்பியைப் புடிச்சி இவ ஆஸ்பத்திரிக்காரனுக்குச் சோதனை எலியாக் குடுத்துட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. இப்ப விசாலாக்ஷியைப் பாத்ததும், "இந்தா வந்துட்டாளே, தோல் உரிச்ச பொறவு எடை பாக்க"ன்னா.

விசாலாக்ஷி அதைக் காதுல போட்டுக்கல. காப்பி வேணுமான்னு யாரோ கேட்டதுக்கும் கையை மட்டும் ஆட்டுனா.

விசயம் என்னன்னா, இளைப்புக்காரங்களுக்கு ஒரு புது மாத்திரை குடுத்து, கேக்குதா கேக்கலியான்னு அந்த டாக்டர் பரீட்சை பண்ணிக்கிட்டு இருந்தாரு. ஆறு வாரம் தின்னணும். வேற மருந்து, ஊசி எதுவும் கூடாது. ராத்திரி எத்தனை தடவை மூச்சுமுட்டி எந்திரிச்சான்னு மறுநா காலையில கார்டுல கட்டத்துக்கு ஒரு நம்பரா எழுதணும். சந்தியாகுவுக்கு எழுத வராது. சேசம்மா அஞ்சாங் கிளாஸ்.

மொத நா காலையில மூணுன்னு எழுதப் போனா. அவன் கையைப் புடிச்சிக்கிட்டான்.

"சைபர் போடு."

தோல் கிடங்குல வேலை பாக்கிறவன் அவன். பஸ்ஸுல ஏறுனா பக்கத்துல உக்காந்தவன் மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சிப் போவான். அந்த டாக்டர் அவன் தோள்ல கையைப் போட்டு, எப்படி இருக்கே சந்தியாகுன்னு பேரைச் சொல்லிக் கேட்டாராம். அவருகிட்டப் போயி மருந்து கேக்கலன்னு எப்பிடிச் சொல்லன்னான். சொன்னா அவரு மொகம் வாடிப்போயிரும்னான். அதோட விட்டானா? திங்கக்கெழமை ஆஸ்பத்திரியில ஒரு குழாயை ஊதச் சொல்லுவாங்க. அதுக்குப் போற வழியில ஒரு கம்பவுண்டர்ட்ட திருட்டுத்தனமா ஊசியைப் போட்டுட்டுப் போயி, நல்லா ஊதிக் காட்டிட்டு வருவான். திங்கக்கெழமை ராசா. செவ்வாக்கெழமை மறுபடியும் மண்டிபோட்டுக்கிட்டு மூச்சுக்குக் கெஞ்சுவான்.

ராத்திரி அவன் இளைக்கிற சத்தம் கேக்கும்போதெல்லாம், தட்டிக்கு அந்தப் பக்கம் அன்னமேரி தகரத்துல டம்டம்முனு அடிப்பா. எவளாவது அவனை ஊசிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்னு சொவத்தைப் பாத்துச் சொல்லுவா. சேசம்மா பதில் சொல்லமாட்டா. அவகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு புருசன் சத்தியம் வாங்கியிருந்தான். விடிஞ்சா சைபர். அப்பிடி நாப்பது சைபர் போட்டாச்சு. நாப்பத்தோராம் நா விடியல, அவனுக்கு.

சேசம்மா எந்திரிச்சி, திரு இருதயப் படத்துக்குப் பின்னால இருந்து கார்டை எடுத்துக் குடுத்தா. விசாலாக்ஷி அதை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா.

"இவர் கார்டுதான் எல்லார்துலயும் நன்னா வந்துண்டிருந்தது. ஒரு நாள்கூட மூச்சுமுட்டல் இல்லை. மாரடைப்பாத்தான் இருக்கும்னு டாக்டர் சொல்றார். மாத்திரை நன்னா கேக்கறது, அடுத்த மாசம் இன்னும் நூறு பேரைச் சேக்கப்போறோம்."

கார்டைப் பைக்குள்ள வைக்கப் போனா. சேசம்மா வாயைத் திறக்காம இருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணுந் தெரியப்போறதில்ல. மாரடைப்புன்னா சாமி எடுத்துக்கிட்டாருன்னு ஊரு போயிரும். திறந்தா, அன்னமேரி இந்தத் தெருவுல அவளைக் குடியிருக்க விடமாட்டா.

"அம்புட்டும் பொய்யி"ன்னா சேசம்மா. "நாந்தான் எழுதுனேன். ஒரு நா கூட அவரு ஒறங்கல."

ரூமுல இருந்தவுக செபமாலையை அப்பிடியே நிறுத்திட்டாங்க. அன்னமேரி எந்திரிச்சி வந்து ஓங்கி ஒரு அறை விட்டா. சேசம்மா கன்னத்தைத் தடவக்கூட இல்ல.

"தகரத்தை அடிச்சி அடிச்சி என் கை வீங்கிச்சேட்டி. நீ உள்ள உக்காந்து முட்டை முட்டையாப் போட்டுக்கிட்டா இருந்த?"

விசாலாக்ஷிக்கு வந்த கோவம் வேற மாதிரி. ஆறு வாரம் பாழ், உங்களை மாதிரி ஆளுகளை நம்பி ஆராய்ச்சி பண்ணினா இப்படித்தான்னு என்னென்னவோ சொன்னா. "இனிமே இது செல்லாது. கிழிச்சுப் போட்டுட்டு இவர் பேரை எடுத்துட வேண்டியதுதான்."

"பேரை எடுத்தா அந்த நூறு பேரு?"

"அது டாக்டர் பாடு."

"குடுங்க. நெசத்தை எழுதித் தாரேன்."

"நாப்பது நாளும் ஞாபகம் இருக்கா உனக்கு?"

சேசம்மா கையை நீட்டினா. அந்தம்மா என்ன நெனச்சாளோ, கார்டையும் பேனாவையும் குடுத்துட்டு வாசப்படியில நின்னு கடியாரத்தைப் பாத்தா. வெளியே பெட்டி வந்துருச்சி. சாமியார் கோயில்ல காத்துக்கிட்டு இருக்காராம், சீக்கிரம் எடுக்கணும்னு உபதேசியார் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டுப் போனாரு.

சேசம்மா தரையில உக்காந்து, புருசன் கால்மாட்டுல கார்டை வச்சி, மொதக் கட்டத்துச் சைபரை அடிச்சி, வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே மூணுன்னு எழுதுனா. ரெண்டாவதுல ரெண்டு. மூணாவதுல மூணு. நாலாவதுல பேனா கொஞ்சம் நின்னுச்சி. பெறவு நாலுன்னு எழுதுனா.

தலைமாட்டுல இருந்து ஒரு சத்தம். அன்னமேரி இவளைப் பாக்கல. தம்பி மொகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

"அன்னைக்கு நாலு இல்ல. அஞ்சு."

சேசம்மாவும் நிமிந்து பாக்கல. நாலை அடிச்சிட்டு அஞ்சுன்னு எழுதுனா. அடுத்த கட்டத்துல பேனாவை ஊனிக்கிட்டு, எழுதாம இருந்தா.

"மூணு"ன்னா அன்னமேரி.

நீங்க யாரும் டாக்டர் மனசு நோகக்கூடாதுன்னு, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு வந்ததுண்டா? இருந்தா ரெண்டு வரி எனக்கு எழுதிப் போடுங்க.