தானாக ஓடிய ஃபேன்

அக்கா வருவதற்குள் எங்கள் பழைய கம்ப்யூட்டரின் சின்ன ஃபேனைச் சுற்ற வைத்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். நாங்கள் இருவரும் பதினோரு வருடம் டைப்செட்டிங் கடை நடத்திய அறை இது. அவள் தட்டச்சு செய்வாள், நான் பிழை திருத்துவேன். இன்று காலி செய்கிறோம். அறையின் சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்ததும் அவள் கிளம்பிவிடுவாள். எட்டு வருடமாக எங்களுக்குள் “நல்லாருக்கியா”, “இருக்கேன்” அவ்வளவுதான். பழைய சத்தம் கேட்டால் கொஞ்ச நேரமாவது உட்காருவாள் என்று ஒரு நப்பாசை.

கம்ப்யூட்டர் எப்போதோ செத்துவிட்டது. மூடியை நாங்கள் என்றுமே மாட்டியதில்லை, அதனால் ஃபேனைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. பழைய யூஎஸ்பி வயர் ஒன்றை வெட்டி, சிவப்போடு சிவப்பையும் கறுப்போடு கறுப்பையும் முறுக்கி, டேப் சுற்றி லேப்டாப்பில் செருகினேன். லேசாகத் துடித்துவிட்டுக் கம்மென்று நின்றது. அதற்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட், யூஎஸ்பி தருவது ஐந்து. மெதுவாகவாவது சுற்றித் தொலைத்தால் என்ன?

அந்த உறுமலோடுதான் எங்கள் காலம் ஓடியது. நான் ஒரு காற்புள்ளிக்காக மல்லுக்கட்டுவேன். அவள் திரும்பாமலே, “உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்” என்பாள். அந்த நாட்களுக்கு மனசு கிடந்து ஏங்கியது.

பெரிய அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவள் சொன்ன அன்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “போ. நீ இல்லாட்டாலும் இங்க எல்லாம் தானா ஓடும்” என்றேன். ஒரே மாதத்தில் கம்ப்யூட்டர் சூடேறிச் செத்தது. என் கெட்ட நேரம் என்று இருந்துவிட்டேன்.

அக்கா உள்ளே வந்தாள்.

“என்ன பண்றே?”

“நம்ம கம்ப்யூட்டர் ஃபேன்க்கா. இதுவும் போயிடுச்சு.”

அவள் மேஜை டிராயரைத் திறந்து, தேடாமலே ஒரு கட்டைப் பென்சிலை எடுத்தாள். அதன் பின்பக்கத்தால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினாள். ஃபேன் சுற்றத் தொடங்கியது. அதே சத்தம், கொஞ்சம் தணிந்து.

“உனக்கெப்படித் தெரியும்?”

“தினமும் காலைல ஒன்பது மணிக்கு வந்து தள்ளுவேனே. அப்பவே இது தானா கிளம்பாது.”

“நான் பார்த்ததே இல்லையே.”

“நீ என்னிக்குடி பத்துக்கு முன்னாடி வந்திருக்கே?”

கம்ப்யூட்டர் ஏன் சூடேறிச் செத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

“போறப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லத்தான் பென்சிலைக் கையில எடுத்தேன். நீதான் எல்லாம் தானா ஓடும்னுட்டியே.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “தப்பு என் மேலதான்க்கா” என்றேன். எட்டு வருடம் தொண்டையில் கிடந்த வார்த்தை.

அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். யூஎஸ்பி வயரை உருவி, ஃபேன் நின்றதும் திரும்பச் செருகினாள். பென்சிலை என்னிடம் நீட்டிவிட்டு, தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க, நீ தள்ளு பாப்போம்.”