ஒன்பது நொடி

"மணி அடிக்கலைன்னா மறுபடி அழுத்தலாமாம்மா?" என்று அப்பா கேட்டார்.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்னப் பொத்தானை அவள் அப்போதுதான் அவருக்குப் போட்டுவிட்டிருந்தாள். மூச்சு முட்டினால் அதை அழுத்த வேண்டும். அவள் கைப்பேசியில் மணி அடிக்கும்.

"அழுத்துங்கப்பா," என்றாள்.

முப்பது வருடம் லாரி ஓட்டியவர் சிரித்தார். "அதானே. ஒரு தடவ ஹார்ன் அடிச்சா எவன் வழி விடுறான்?"

பொத்தான் அவள் வேலை பார்த்த கம்பெனியில் செய்தது. வடிவமைத்தவர் அக்காவின் கணவர், அவளுக்கு மாமா. படிப்பைப் பாதியில் விட்டவளைச் சோதனை மேசையில் உட்கார வைத்தவரும் அவரே. அங்கே அவளுக்குப் 'பூச்சி' என்று பெயர். வாயில்லாப் பூச்சி என்பதைச் சுருக்கிக் கூப்பிட்டார்கள்.

முதலில் செய்த பொத்தான் அழுத்திய மறுநொடியே மணி அடித்தது. ஒரு நாள் வெளியாள் எவனோ இணையம் வழியாகக் கம்பெனி சர்வருக்குள் புகுந்து, ஒரே மதியத்தில் நாற்பது வீட்டு மணியையும் அடிக்கவிட்டான். பிள்ளைகள் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினால், பெற்றவர்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி இப்படி நடக்கவே கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அதன்பிறகு மாமா பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டார். புதிய பொத்தான், அழுத்தியதும் விழித்து, தன் நிரலை யாரும் மாற்றிவிடவில்லையே என்று தன்னையே சோதித்துக்கொள்ளும். பிறகு சர்வரோடு ரகசியச் சாவி மாற்றிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் மணி.

"ஒன்பது நொடி ஆகுது மாமா," என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா பூச்சி? பெரிய சிப் போட்டா வேகமா முடியும், பேட்டரி பத்து நாள்ல படுத்துரும். பூட்டும் வேணும், வேகமும் வேணும், பேட்டரியும் ஒரு வருஷம் வரணும்னா நான் என்ன மந்திரவாதியா? ஒன்பது நொடியில யாருக்கு என்ன ஆயிரப்போகுது."

அழுத்திவிட்டுக் கையை எடுத்துக் காத்திருக்க வேண்டும் என்று சோதனைத் தாளில் இருந்தது. இருநூறு பொத்தான்களையும் அவள் அப்படியே சோதித்தாள். எல்லாம் ஒன்பதாவது நொடியில் அடித்தன. இருநூறு தடவை 'சரி' என்று எழுதினாள். அதில் ஒன்றைத்தான் மாமா அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினார். மற்றவை இன்னும் பெட்டியில் இருந்தன.

அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். அன்று முழுக்க அவள் கைப்பேசி மேசையில் கண்ணெதிரேதான் கிடந்தது. மணி அடிக்கவேயில்லை.

"தூக்கத்துலயே போயிட்டாரு, கொஞ்சமும் கஷ்டப்படல," என்று வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொன்னாள். சொல்லிச் சொல்லித்தான் தன் மனதை ஆற்றிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து மாமா அந்தப் பொத்தானைக் கம்பெனியில் கணினியோடு இணைத்து, உள்ளே பதிவானதைத் திறந்தார். அவள் பின்னால் நின்றாள். செவ்வாய், காலை பதினோரு மணி ஆறு நிமிடம். அதன்கீழே 'சோதனை தொடக்கம்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது, பிறகு 'பூட்டப்பட்டது', அதற்கும் கீழே 'அழுத்தப்பட்டது' என்று மட்டும். 'சோதனை முடிந்தது' என்று ஓரிடத்திலும் இல்லை.

"இருபத்திரண்டு தடவ அழுத்தியிருக்காரு," என்றார் மாமா. "சோதனை நடக்கறப்ப மறுபடி அழுத்தினா, யாரோ நோண்டுறாங்கன்னு நெனச்சு மொதல்லேருந்து ஆரம்பிக்கும். பதினோரு தடவ அப்படி ஆனா அரை மணி நேரம் தன்னையே பூட்டிக்கும். நாந்தான் அப்படி எழுதினேன். பூட்டினப்புறமும் பத்துத் தடவ அழுத்தியிருக்காரு."

அவள் இடைவெளிகளைப் படித்தாள். மூன்று நொடி, இரண்டு, இரண்டு. ஓரிடத்தில் மட்டும் ஏழு. அந்த ஒரு தடவை அப்பா பொறுத்துப் பார்த்திருக்கிறார்.

கதவு திறந்தது. அக்கா வந்தாள். "பாத்து முடிச்சாச்சா? அத நான் எடுத்துக்கறேன். அப்பா கழுத்துல கடைசியாக் கெடந்தது, இனிமே என் கழுத்துல கெடக்கட்டும்." பொத்தானைக் கழற்றிக் கையில் எடுத்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "என்ன? அவர் இதத் தொடவே இல்லதானே?"

"தொடல," என்றார் மாமா. திரையை அணைத்தார்.

அக்கா கயிற்றைத் தலைவழியே மாட்டப் போனாள். பூச்சிக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தொட்டாருக்கா," என்றாள். "இருபத்திரண்டு தடவ. ஒரே தடவ அழுத்திட்டுச் சும்மா இருந்திருந்தா அடிச்சிருக்கும். மறுபடி அழுத்துங்கன்னு நாந்தான் சொன்னேன்."

"மூச்சு முட்டிக்கிட்டேவா அழுத்தினாரு?"

அக்கா கயிற்றை விரலில் சுற்றி, பிரித்து, பொத்தானை மேசைமேல் பூச்சியின் பக்கமாக வைத்தாள். தோளில் நழுவிய பையை ஏற்றிக்கொண்டாள். "இரு, நானும் வரேன்," என்று மாமா எழுந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.