தொள்ளாயிரத்து இருபது ஓட்டு

எங்கள் வீட்டு ஹாலிலிருந்து மகள் அறைக்கு இப்போது பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகிறது. போன மாதம் வரை பதினோரு அடிதான். நானே டேப் வைத்து அளந்து கால்மிதி வாங்கிப் போட்ட நடை அது.

இந்தத் தூரம் எனக்கு மட்டும்தான். என் மனைவி கோமதி தோசைத் தட்டோடு போவாள், மகளிடம் கொடுத்துவிட்டு அடுத்த தோசை கருகுவதற்குள் திரும்பிவிடுவாள். நான் கால் வைத்தால்தான் நடை நீளும். வீடு கட்டின கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை, நீங்கள்தான் என்னமோ பண்ணியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போனார்.

பண்ணியிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன், இனிமேல் எனக்கென்ன மானம் மரியாதை.

நான் கோவில்பட்டியில் கணக்கு வாத்தியார். ஆறு தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டு மெஷினுக்குச் சீல் வைப்பேன். இந்த விவரத்தைக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கேட்டவர்களுக்கும் இரண்டாம் தடவை சொல்லியிருக்கிறேன்.

மகள் யாழிசை பிளஸ் ஒன் படிக்கிறாள். 'தல்பித்' என்ற கொரியப் பாட்டுக் குழு என்றால் அவளுக்கு உயிர். அதில் ஒன்பது பையன்கள். அடுத்த பாட்டில் நடுவில் நின்று ஆடப்போவது யார் என்று ஒரு போன் ஆப்பில் உலகம் முழுக்க ஓட்டுப் போட்டார்கள். நாற்பது நாள் தேர்தல். ஒரு போனுக்குத் தினம் ஒரு ஓட்டு. அவளுடைய ஆள் தோ-ரின்.

ஒரு நாள் காலையில் அவள் என்னிடம் வந்து, "அப்பா, உங்க போன்லயும் தோ-ரினுக்குப் போடுறீங்களா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தேர்தலை என்னிடம் விட்டுவிடு என்றேன்.

மறுநாளே ஆசிரியர் ஓய்வறையில் பயிற்சி வகுப்பு எடுத்தேன். இருபத்திரண்டு ஆசிரியர்கள். கரும்பலகையில் ஆப்பின் படத்தை வரைந்தேன். ஒன்பது முகங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இதயப் பொத்தான் உண்டு. ஓட்டு மெஷினில் படத்துக்கு வலப்பக்கம்தான் பொத்தான். ஆகவே தோ-ரின் முகத்துக்கு வலப்பக்கம் இருக்கும் இதயத்தை அழுத்த வேண்டும் என்று விளக்கினேன். தமிழ் வாத்தியார் ஒரு சந்தேகம் கேட்டார். உட்காருங்கள் என்றேன்.

அந்த ஆப்பில் பொத்தான் இடப்பக்கம். நாங்கள் நாற்பது நாளும் அழுத்தியது பக்கத்து ஆளான பேக்-ஹூவுக்கு. இருபத்து மூன்று பேர், நாற்பது நாள், தொள்ளாயிரத்து இருபது ஓட்டு. பேக்-ஹூ ஜெயித்தது தொள்ளாயிரத்துப் பதினொரு ஓட்டு வித்தியாசத்தில். ஐம்பத்தோரு வயதில் முதல்முறையாக நான் ஒருவரை ஜெயிக்க வைத்தேன். அதுவும் தப்பான ஆளை.

முடிவு வந்த அன்று நான் லட்டோடு வீட்டுக்குப் போனேன். யாழிசை என் போனை வாங்கிப் பார்த்தாள். வரிசையாக நாற்பது பேக்-ஹூ இருந்தது.

"தோ-ரினை நீங்கதான்ப்பா ஓரத்துக்குத் தள்ளிட்டீங்க" என்றாள்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா. "விடும்மா, எல்லாப் பயலும் ஒரே மாதிரிதான இருக்கான்" என்றேன்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நாள் நடை இருபதடி ஆனது. ஐந்தாம் நாள் நடுவில் ஒரு தெருவிளக்கு வந்தது. பத்தாம் நாள் பஸ் விட்டார்கள்.

இதற்கிடையில் பேக்-ஹூ நன்றி சொல்ல வந்தார். ஜெயித்தவர்கள் வருவது வழக்கம்தான். திறந்த ஜீப், மாலை, இரண்டு கையும் கூப்பியபடி. கோமதி ஆரத்தி எடுத்தாள். அவர் கொரிய மொழியில் பேசினார், வயிற்றுக்கு நேரே தமிழில் எழுத்து ஓடியது. நூற்று நாற்பது நாடுகளில் நன்றி தெரிவித்துவிட்டேன், தங்கள் இல்லமே கடைசி, இனிச் செல்ல இடமில்லை என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் ஹாலின் நடுவில் நிற்கிறார்.

நல்ல பையன். தயிர்சாதம் சாப்பிடுவார். வைஃபை போனால் கையைப் பாதியில் தூக்கியபடி நின்றுவிடுவார், நடுநெஞ்சில் ஒரு வட்டம் சுற்றும். கோமதி அவரைச் சுற்றி வீடு துடைப்பாள். நான் டிவி பார்க்க அவர் காலிடுக்கு வழியாகப் பார்க்க வேண்டும். உட்காருங்கள் தம்பி என்றால், மக்கள் தீர்ப்பு என்று எழுத்து ஓடும். அந்த மக்கள் நான்தான் என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

யாழிசை பேச்சை நிறுத்தி நாற்பத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோமதிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, பெத்த பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்க உங்களுக்கு எத்தனை நாளு வேணும்?" என்றாள். தக்காளி சாதமும் தண்ணீர் பாட்டிலும் கட்டிக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னாள். நான் பஸ் ஏறினேன்.

பஸ் முழுக்க அப்பாக்கள். எல்லோர் மடியிலும் டிபன் பாக்ஸ். பக்கத்து சீட்டில் ஒரு பிரேசில்காரர். எந்தப் பாஷையில் பேசினோம் என்று தெரியவில்லை, பேசினோம். அவர் மகளின் பாட்டை இரைச்சல் என்று சொல்லிவிட்டாராம். அவருக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமாம். நான் செய்ததைச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். முதுகு குலுங்கியது.

கடைசி நிறுத்தத்தில் ஒரு அலுவலகம் இருந்தது. மகளைச் சந்திக்கும் பிரிவு என்று பலகை. கவுண்டரில் ஒரு அம்மா. அவருக்கு முகம் இல்லை, போட்டோ வைக்காத கணக்குக்கு வருமே, அந்தச் சாம்பல் வட்டம்தான் இருந்தது. உறவு என்ன என்று கேட்டார். அப்பா என்றேன். அதற்குச் சான்று இருக்கிறதா என்றார். ரேஷன் கார்டைக் கொடுத்தேன். அது அரிசிக்கு என்று திருப்பித் தந்தார். ஆறு தேர்தல் பார்த்ததைச் சொன்னேன். அந்தச் சாம்பல் வட்டம் கொஞ்சம் கறுத்தது.

சான்று இல்லையென்றால் ஒன்பது பேரின் பெயரையும் வயது வரிசையில், தாளத்தோடு, கோஷமாகச் சொல்ல வேண்டும் என்றார். ரசிகர்கள் பாட்டுக்கு நடுவே அப்படித்தான் சொல்வார்களாம். எனக்கு இது ஒரு விஷயமா. பத்தாம் வகுப்பு 'சி' பிரிவில் அறுபத்திரண்டு பேரை நோட்டுப் பார்க்காமல் கூப்பிடுகிறவன். மூச்சை இழுத்துக்கொண்டு பேக்-ஹூ என்றேன். பழக்க தோஷத்தில் உள்ளேன் ஐயா என்று நானே பதிலும் சொன்னேன். அடுத்து தோ-ரின். அதற்கும் உள்ளேன் ஐயா. அதற்கு மேல் ஒரு பெயரும் வரவில்லை.

அந்த அம்மா ஒரு படிவத்தைத் தள்ளினார். ஒரே வரிதான் இருந்தது. உங்கள் மகளுக்கு தோ-ரினை ஏன் பிடிக்கும்?

அழகாக இருப்பதால் என்று எழுதினேன். அடித்துத் திருப்பிக் கொடுத்தார். நன்றாகப் பாடுவதால் என்று எழுதினேன். அதையும் அடித்தார். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். நாற்பது நாள் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். இருபத்திரண்டு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஏன்டா கண்ணு அவனைப் பிடிக்கும் என்று ஒரு நாள் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தோரு வயது ஆள் படிவத்தின் மேல் அழுதால் மை கலையும் என்று தள்ளி நின்று அழுதேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க சார்" என்றார் அந்த அம்மா.

அதை எழுத எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. முப்பது வருஷ சர்வீஸில் நான் எழுதியறியாத வார்த்தை. அவர் முத்திரை குத்தினார். தெரியாதவர்களுக்கு ஓரமாக ஒரு வழி இருக்கிறது என்று கை காட்டினார்.

ஓர வழி ஒருவர் போகும் அகலம்தான். அதன் முடிவில் யாழிசையின் அறைக் கதவு தெரிந்தது. கதவுக்கு எதிரே, சுவரோடு சுவராக, தோ-ரின் நின்றிருந்தார். பக்கத்தில் பார்த்தபோது பேக்-ஹூவுக்கும் இவருக்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை. மூக்கு வேறு, நிற்கிற விதம் வேறு. எனக்குக் கூச்சமாக இருந்தது.

உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான்தான் என்று சொன்னேன். அறிவேன், தங்கள் மகள் கூறினார் என்று அவர் வயிற்றில் எழுத்து ஓடியது. என்ன கூறினாள் என்று கேட்டேன். அவர் வெகு நேரம் பேசினார். கையை ஆட்டி, சிரித்து, ஒரு இடத்தில் கண் கலங்கிப் பேசினார். எழுத்தில் 'இசை ஒலிக்கிறது' என்று மட்டும் வந்தது.

நிஜமாகவே ஒலித்தது. அறைக்குள் பாட்டு ஆரம்பித்திருந்தது. தோ-ரின் ஆடத் தொடங்கினார். ஓரத்தில், சுவர் இடிக்க, ஒரு அசைவு குறையாமல் ஆடினார். கதவுக்குப் போக அவரைத் தாண்ட வேண்டும். தாண்ட இடமில்லை. அவருக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க மட்டும் இடம் இருந்தது. நான் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு அங்கே நின்றேன். அவர் கை தூக்கினால் தூக்கினேன். அவர் திரும்பினால் நானும் திரும்பினேன், கொஞ்சம் தாமதமாக. என்னைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. நிறுத்தவில்லை.

கதவு திறந்தது. யாழிசை நின்றாள். இளைத்திருந்தாள். தோ-ரினைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வேர்த்து வழிந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். இரண்டாவது சரணம் முழுக்கப் பார்த்தாள்.

அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு என்று ஆடிக்கொண்டே சொன்னேன். மூச்சு வாங்கியது.

"உனக்கு ஏம்மா இவரைப் பிடிக்கும்?" என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள்.

"முட்டியை மடக்கி ஆடுங்க. சொல்றேன்" என்றாள்.

இரண்டு வருஷமாக டாக்டர் மடக்கவே கூடாது என்று சொல்லிவரும் முட்டி. மடக்கினேன்.

"இன்னும்" என்றாள்.